வாடிக் கக்கூஸின் முடிவுத் திகதி

என் பெயர் ஸுஹைரா. கல்பிட்டிக்கு இந்தப் பக்கம், கடற்கரையில், ரஸாக் முதலாளியின் கருவாட்டு வாடியில் பத்து வருஷமாக மீன் கிழித்து, உப்புப் போட்டு, காயவைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் வந்தால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும். இதைச் சொல்லும்போதும் வரும். வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது ஒரு கக்கூஸைப் பற்றி. மூக்கைச் சுளிக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். வாடியில் நாங்கள் இருபத்து மூன்று பெண்கள். காலை ஆறு மணிக்கு வள்ளங்கள் வந்தால் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் வேலை. அவ்வளவு நேரமும் ஒன்றுக்குப் போக ஓரிடம் இல்லை. வடக்கே ஹோட்டல் வேலி. தெற்கே கிழிந்த வலை பொத்துகிற ஆம்பிளைகள். கிழக்கே பஸ் போகிற ரோட்டு. மேற்கே கடல்தானே, அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பீர்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் அங்கேயிருந்து எழும்பி எழும்பிப் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய் வரலாமென்றால் இரண்டு மைல். திரும்பி வருவதற்குள் காகம் பாதி மீனைத் தின்று முடித்துவிடும். ஆகவே நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். நோன்பு இல்லாத மாதத்திலும் எங்களுக்கு நோன்பு. வேதக்கார அனஸ்தாசியா அக்காவுக்கும், வன்னியிலிருந்து வந்த நிசாந்திக்கும்கூட நோன்புதான்.

போன வருஷம் ஜனவரியில் பாரைக் கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே மண்ணில் சாய்ந்துவிட்டேன். த்ரீவீலில் புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஸ்கேன் பார்க்கச் சிலாபத்துக்கு அனுப்பினார்கள். சிலாபத்து டொக்டர் ஒரு சிங்களப் பெண், தமிழ் நன்றாகக் கதைத்தார். ஒரு கிட்னி சுருங்கிப்போய்விட்டது, மற்றதில் கல் நிறைந்திருக்கிறது என்றார். ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் ஒரு நிமிஷம்கூட அடக்கக் கூடாது என்றார். இப்படியே போனால் என்ன நடக்கும் என்று கேட்டேன். இரண்டு வருஷம் என்றார். அதற்குப் பிறகு இரத்தம் சுத்திகரிக்கிற மெஷின். அதற்கும் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்த மறுநாளே நானும் நிசாந்தியும் நாலு கம்பு நட்டு, ஓலை கட்டி, நடுவில் ஒரு குழி தோண்டினோம். அரை நாள் வேலை. அன்றைக்கு வாடியில் வைத்து ஒரு போத்தல் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் ரிஷாத் வந்து சேர்ந்தான்.

ரிஷாத் என் மூத்த சகோதரி பளீலா ராத்தாவின் மகன். வயது இருபத்தேழு. கொழும்பில் இரண்டு வருஷம் செயற்றிட்ட முகாமைத்துவம், அதாவது புரொஜெக்ட் மனேஜ்மென்ட், டிப்ளோமா படித்து, கரைமலர்ச்சி என்கிற நிறுவனத்தில் உத்தியோகம் பார்க்கிறான். நான் விழுந்ததைக் கேள்விப்பட்டுத்தான், சாச்சிக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுக்க வேண்டுமென்று நிறுவனத்துக்கு எழுதிப்போட்டு, சம்மதமும் வாங்கி வந்திருந்தான். நல்ல பிள்ளை. ஆனால் பூட்டுப் போட்ட கதவைத் திறக்கச் சொன்னால், முதலில் திறப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுவான். எங்கள் ஓலை மறைப்பைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"சாச்சி, இதக் கழட்டணும்" என்றான்.

ஏனென்று கேட்டேன். செயற்றிட்டம் தொடங்குமுன் இருக்கிற நிலைமையை எண்ணிப் பதிய வேண்டுமாம். அதற்கு ஆரம்பநிலை என்று பெயராம். எங்கள் ஆரம்பநிலை பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்று என்று பதிந்தால் இவர்களுக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்லி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். மூன்று கிழமை பொறுங்கள், டைல்ஸ் பதித்த கக்கூஸ் வரும் என்று கெஞ்சினான். டைல்ஸ் என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். என் கையாலேயே ஓலையைப் பிரித்து, குழியை மூடினேன். கணக்கெடுக்க வந்தவர் வட்டமாக ஒரு பூச்சியம் போட்டுக்கொண்டு போனார். அவர் போன பிறகு திரும்பக் கட்டலாமா என்று கேட்டேன். கட்டினால் கடைசியில் அளக்கும்போது முன்னேற்றம் குறைவாகக் காட்டும் என்றான். அன்றிலிருந்து மறுபடியும் நோன்பு.

மார்ச்சில் ஆரம்பக் கூட்டம் நடந்தது. பதாகை கட்டினார்கள், ரோல்ஸ் கொடுத்தார்கள், நெஸ்கபே கொடுத்தார்கள். நெஸ்கபேயை நாங்கள் ஒருவரும் தொடவில்லை. குடித்துவிட்டு எங்கே போவது? ரிஷாத் சுவரில் ஒரு பெரிய கடுதாசியை ஒட்டி, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போட்டு நாலு கட்டம் ஆக்கினான். இந்த வேலையோடு சம்பந்தப்பட்ட எல்லோரும் தரப்பினராம். ஒவ்வொரு தரப்புக்கும் அக்கறை எவ்வளவு, செல்வாக்கு எவ்வளவு என்று பார்த்து, கட்டத்தில் போட வேண்டுமாம். என்னை அக்கறை கூடியவர், செல்வாக்குக் குறைந்தவர் என்ற கட்டத்தில் போட்டான். சரிதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

கரச்சல் வந்தது கழுதையால். எங்கள் பக்கத்தில் கழுதைகள் தன்பாட்டில் திரியும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் காது கிழிந்த ஒரு கிழட்டுக் கழுதை, நிலம் அளக்கக் கட்டிய கயிற்றை இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போனது. மூன்றாம் தடவை பதாகையில் நிறுவனத்தின் பெயர் இருந்த பக்கத்தைத் தின்றுவிட்டது. ரிஷாத் யோசித்தான். கழுதைக்குக் கக்கூஸில் அக்கறை இல்லை, ஆனால் செல்வாக்கு இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குரிய விதி, அவர்களைத் திருப்தியாக வைத்திருக்க வேண்டும் என்பது. என் கட்டத்துக்குரிய விதி, அவர்களுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது.

நான் பொய் சொல்லவில்லை. கழுதைக்கு நாளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. எனக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் வந்தது. வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதை மிகவும் மரியாதையாகத் தெரிவித்திருந்தார்கள்.

அடுத்தது இடர்ப் பதிவேடு. என்னென்ன பிழைத்துப்போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து எழுதுகிற கொப்பி. கச்சான் காற்று, சிமெந்துத் தட்டுப்பாடு, கழுதை என்று வரிசையாக எழுதியிருந்தான். நிசாந்தி ஏ.எல். வரை படித்தவள், அவள்தான் எனக்கு வாசித்துச் சொன்னாள். ஏழாவது வரியில் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வாசி என்றேன். இடர் ஏழு: பிரதான பயனாளியின் சிறுநீரகம் செயலிழத்தல். நிகழக்கூடிய சாத்தியம், அதிகம். செயற்றிட்டத்தின் மீதான பாதிப்பு, நடுத்தரம். எடுக்கப்படும் நடவடிக்கை, ஏற்றுக்கொள்ளல்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் கிழித்த சுறாவோடு அப்படியே அவன் வேலை பார்க்கிற கூடாரத்துக்குள் போனேன். ரிஷாத் பயந்துவிட்டான். ஓர் இடருக்கு நாலு விதமாகத்தான் பதில் சொல்லலாம் என்று விளக்கினான். தவிர்க்கலாம், குறைக்கலாம், வேறொருவர் தலையில் போடலாம், இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளலாம்.

"என்ட கிட்னி. ஏத்துக்கிறது யாரு, நீயா?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, அதைக் குறைத்தல் என்று மாற்றினான். எப்படிக் குறைப்பது என்ற பெட்டியில் கக்கூஸ் கட்டுதல் என்று எழுதினான். எப்போது என்ற பெட்டியில் கக்கூஸ் கட்டி முடிந்தவுடன் என்று எழுதினான். நான் சுறாவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரலில் கொழும்பிலிருந்து படம் வந்தது. அழகான படம், நீலக் கோட்டில் வரைந்திருந்தார்கள். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். படத்தில் கடலே இல்லை. வடக்கைக் காட்டுகிற ஓர் அம்புக்குறி மட்டும் இருந்தது. நிசாந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உட்காருகிறவர் நேரே கடலைப் பார்த்துத்தான் உட்காருவார் என்றாள். எங்கள் கரையில் கடல் இருக்கிற பக்கம்தான் நாங்கள் தொழுகிற திசையான கிப்லா. குந்தும்போது அந்தப் பக்கம் முகமும் காட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொழுகிற பிள்ளைதானே ரிஷாத், அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்புக்குறியைத்தான் பார்த்தேன் சாச்சி, கடலைப் பார்க்கவில்லை என்றான். கடல் அவனுக்கு முப்பது மீற்றர் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

குந்துகிற கல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சரி, பத்து நிமிஷ வேலை. ஆனால் படம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. அங்கீகரித்ததில் ஒரு புள்ளியை மாற்றுவதென்றாலும் மாற்றக் கோரிக்கை போட வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்று ஐந்து பேர் கொண்ட ஒரு சபை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஜூனில் கூடிய சபை, எத்தனை பாகை திருப்ப வேண்டும், அதற்குப் பள்ளிவாசலின் கடிதம் எங்கே என்று கேட்டது. பள்ளிவாசல் ஹஸ்ரத் சிரித்துச் சிரித்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார். செப்டெம்பரில் கூடிய சபை, முஸ்லிம் அல்லாத பயனாளிகளுக்கும் இது சம்மதமா என்று கேட்டது. அனஸ்தாசியா அக்கா, எந்தப் பக்கம் என்றாலும் சரி, கெதியாக வையுங்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எந்தப் பக்கம் என்றாலும் சரி என்கிறாரே, அப்படியென்றால் தரப்பினரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்று சபை முடிவு எடுத்தது. அக்காவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் மே மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் முக்கியம். கக்கூஸ் கட்டுகிற வேலையை மேற்பார்வை பார்ப்பதற்குக் களத்தில் ஓர் அலுவலகம், கந்தோர் ஒன்று வேண்டுமாம். கந்தோரில் உத்தியோகத்தர் இருந்தால் அவருக்குக் கக்கூஸ் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் சட்டம். பாலாவியிலிருந்து இஸ்ஹாக் பாஸ் என்கிற மேசனைக் கூட்டிவந்தார்கள். திங்கட்கிழமை அத்திவாரம் வெட்டினார். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன் ஒரு சின்னக் கந்தோரும், அதோடு ஒட்டின கக்கூஸும் முடிந்துவிட்டன. வாளி, குழாய், வெள்ளை டைல்ஸ். இஸ்ஹாக் பாஸ் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கடலை ஒரு பார்வை பார்த்தார், கல்லைப் பக்கவாட்டில் வைத்தார், சிமெந்தைப் பூசினார். ரிஷாத் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பெரிய பூட்டு ஒன்றைப் போட்டான்.

நான் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. எங்கட கக்கூஸுக்கு நாலு மாதம் போதவில்லை, உன்னுடையதுக்கு நாலு நாள் போதுமாக இருந்தது எப்படி என்று கேட்டேன். அவன் டிப்ளோமாவில் படித்ததை அப்படியே சொன்னான். செயற்றிட்டம் என்றால் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு, முன்பு செய்யாத தனித்துவமான ஒன்றாக இருக்கும். ஆகவே அதற்குத் திட்டம், படம், சபை எல்லாம் வேண்டும். தினமும் நடக்கிற காரியம் செயற்றிட்டம் இல்லை, அது வழமைப் பணி. கந்தோர்க் கக்கூஸ் வழமைப் பணியில் வருகிறது, அதற்குச் சபை இல்லை.

"என்ட மூத்திரமும் தினமும்தான் வருது மகன்" என்றேன்.

அவன் பேனையை எடுத்தான். குறிப்புக் கொப்பியில் ஏதோ எழுதினான். அன்று பின்னேரம் நிறுவனத்தின் கைந்நூலைக் கந்தோர் மேசையில் விட்டுவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டான். வேண்டுமென்றே விட்டானா, மறந்து விட்டானா என்று இன்றைக்கும் கேட்கவில்லை. நிசாந்தி எடுத்து வாசித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில், கலந்துரையாடலுக்கு வருகிற தரப்பினருக்குக் கந்தோரின் கழிவறை வசதியைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்று இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை கலந்துரையாடல் என்று இல்லை. ஒரு கலந்துரையாடல் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்றும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக நான் போய், கலந்துரையாட வந்திருக்கிறேன் என்றேன். ரிஷாத் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வரவுப் பதிவேட்டை எடுத்து வைத்தான். பெயர், நேரம், கருத்து, கையெழுத்து என்று நாலு பத்தி. கருத்து கட்டாயம் எழுத வேண்டும் என்றான். அவசரம் என்று எழுதினேன். பூட்டின் திறப்பைத் தந்தான்.

அன்றிலிருந்து வாடியில் கலந்துரையாடல் ஓயவில்லை. இருபத்து மூன்று பெண்களும் நாளுக்கு மூன்று தடவை கருத்துத் தெரிவித்தோம். உள்ளே கொளுக்கி வேண்டும் என்று ஒருத்தி எழுதினாள், மறுநாள் கொளுக்கி வந்தது. சவர்க்காரம் என்று எழுதினோம், வந்தது. எல்லாம் வழமைப் பணி. அனஸ்தாசியா அக்கா ஒவ்வொரு தடவையும் ஆறுதல் என்று ஒரே சொல்லைத்தான் எழுதினார். எனக்கு நாலு தடவை, ஐந்து தடவை என்று கருத்து வந்தது. மூன்று லீற்றர் குடித்தால் வராதா? செப்டெம்பரில் சிலாபத்துக்குப் போனபோது டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, முன்னையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிட்னிப் பழுது கூடவில்லை, அதே இடத்தில் நின்றிருக்கிறது, இப்படியே விடாமல் செய்யுங்கள் என்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கலந்துரையாடுகிறோம் என்றேன். நல்லது என்றார்.

ஒக்டோபர் பதினாலாம் திகதி கொழும்பிலிருந்து பணிப்பாளர் மகாலிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் நரைத்த மனிதர். சத்தமாகக் கதைக்கத் தெரியாதவர், யாரையும் நோகடிக்காதவர். கந்தோருக்கு முன்னால் கதிரை போட்டு எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அவர் அறிக்கையை வாசித்தார். செயற்றிட்டம் வெற்றிகரமாக நிறைவேறிவிட்டதாம். நடத்தத் திட்டமிட்ட கலந்துரையாடல்கள் நாற்பது, நடத்தியவை ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாலு. இந்த நாட்டிலேயே இவ்வளவு பேச்சுக் கேட்டு நடத்தப்பட்ட செயற்றிட்டத்தை அவர் கண்டதில்லையாம். எங்களில் சிலர் கை தட்டினார்கள்.

கக்கூஸ் எங்கே என்று கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். குந்துகிற கல்லின் திசை பற்றிய முடிவு வராததால் வேலை பிந்தும்போல் இருந்ததாம். பிந்தக் கூடாது என்பதற்காக, செயற்றிட்டத்தின் எல்லைக்குள் எது வரும், எது வராது என்கிற பட்டியலிலிருந்து கக்கூஸை எடுத்துவிட்டார்களாம். எடுத்த பிறகு எல்லாம் குறித்த நாளிலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் கட்டம் ஒன்று வந்தால், அதில் பார்க்கலாம் என்றார்.

பிறகு ஒரு கடுதாசியை என் முன்னால் வைத்தார். ஏற்புப் பத்திரம். பயனாளிகளின் சார்பில் நான் கையெழுத்து வைத்தால் செயற்றிட்டம் மூடப்படும். மூடினால் தற்காலிகக் கட்டடங்களை அகற்ற வேண்டும். வருகிற திங்கட்கிழமை இஸ்ஹாக் பாஸ் வந்து கந்தோரை உடைப்பார் என்று அதே மெல்லிய குரலில் சொன்னார். கந்தோரோடு ஒட்டினதும் போகும். ரிஷாத்தைப் பார்த்தேன். அவன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கையெழுத்து விழுந்தால் அவனுக்குப் பதவி உயர்வு என்று ராத்தா ஒரு கிழமைக்கு முன்னமே எனக்குச் சொல்லியிருந்தாள். இனிப்புக்கு வட்டிலப்பம்கூடச் செய்து வைத்திருந்தாள்.

"கையெழுத்து வைக்க மாட்டன் சேர்" என்றேன்.

ராத்தாவின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வந்தால் வரட்டும் என்று பேனையை மூடி மேசையில் வைத்தேன். பணிப்பாளர் கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு ஒரு படிவம் இருந்திருக்காது. ஏற்புக் கிடைக்காவிட்டால் மூட முடியாது, மூட முடியாவிட்டால் நீடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரிஷாத் நீடிப்புப் படிவத்தைக் கணினியில் திறந்தான். புதிய முடிவுத் திகதி என்று ஒரு பெட்டி. வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது.

எது வரைக்கும் நீடிக்க வேண்டும் அம்மா என்று பணிப்பாளர் என்னிடம் கேட்டார். என்ட மவுத்து வரைக்கும், நான் சாகும் வரைக்கும் என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அவர் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். நியாயமான முடிவுதான், ஆனால் திகதி வேண்டுமே என்றார்.

அல்லாஹ் அறிய, அந்த மனிதர் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். நிச்சயமில்லாத காலத்தைக் கணிக்க ஒரு முறை இருக்கிறதாம். எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு, எல்லாம் பிழைத்தால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு என்று மூன்று கணக்கு எடுத்து, நடுவிலுள்ளதை நாலால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி ஆறால் பிரிக்க வேண்டுமாம். என் வயதைக் கேட்டார். நாற்பத்தாறு. எல்லாம் நன்றாக நடந்தால் இன்னும் நாற்பது வருஷம் இருப்பீர்கள் என்று வைப்போம் என்றார். பெரும்பாலும் இருபத்தைந்து. எல்லாம் பிழைத்தால் எவ்வளவு என்று ரிஷாத்திடம் கேட்டார். டொக்டர் சொன்னது இடர்ப் பதிவேட்டில் எழுதியிருந்தது. ரிஷாத் தலையைக் குனிந்துகொண்டான். அவரே பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, இரண்டு என்றார். விரலால் மேசையில் கணக்குப் போட்டார். இருபத்து மூன்று வருஷமும் எட்டு மாதமும் என்று முடித்தார்.

மற்ற இருபத்திரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அனஸ்தாசியா அக்கா நெஞ்சில் சிலுவை போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். எனக்குப் பயம் வந்தது. என் ஆயுள் அந்த மேசையில் கடுதாசியும் பேனையுமாகக் கிடந்தது. அதற்குள் அந்த இரண்டு என்ற எண்ணும் இருந்தது. ஜனவரியில் சிலாபத்தில், அதற்குப் பிறகு என்னவென்று நான் கேட்காமல் விட்டுவிட்டு வந்த இரண்டு வருஷம்.

அப்போதுதான் ரிஷாத் எழும்பினான்.

"கக்கூஸ் தொறந்திருந்தா அந்த ரெண்டு வராது, சேர்" என்றான்.

பணிப்பாளர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அப்படியென்றால் எத்தனை போடலாம் என்று கேட்டார். ரிஷாத் கதிரையை இழுத்தான். உட்கார்ந்து மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். படிவத்தில் அந்த மூன்று கணக்குக்கும் பெட்டி இருந்தது. நன்றாக நடந்தால் என்ற பெட்டியில் நாற்பது அடித்தான். பெரும்பாலும் என்ற பெட்டியில் இருபத்தைந்துக்குப் பதிலாக நாற்பது அடித்தான். பிழைத்தால் என்ற பெட்டியிலும் நாற்பது அடித்தான். நாலு நிறப் பேனையால் கோடு போட்டு வாழ்கிற பிள்ளை, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கில் பொய் எழுதினான். கணினி பெருக்கி, கூட்டி, ஆறால் பிரித்து, நாற்பது என்றது.

"இது யாருடைய மதிப்பீடு?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"என்ட சாச்சி, சேர்" என்றான்.

கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. மகாலிங்கம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அங்கீகரிக்கிறேன் என்றார்.

புதிய முடிவுத் திகதி, இரண்டாயிரத்து அறுபத்தைந்து, ஒக்டோபர் பதினாலு. நான் இன்ஷா அல்லாஹ் என்றும் எழுதச் சொன்னேன். திகதிப் பெட்டியில் எழுத்து ஏறாது சாச்சி என்றான் ரிஷாத். கீழே குறிப்பு என்ற பெட்டியில் எழுதினான். அச்சடித்து, முத்திரை குத்தி என் முன்னால் வைத்தான். இந்த முறை கையெழுத்து வைக்க வேண்டியது நீடிப்புக்கு. அந்தத் திகதி வரைக்கும் கந்தோரை உடைக்க முடியாது.

நாற்பத்தாறும் நாற்பதும் எண்பத்தாறு. நான் பிறந்ததிலிருந்து என்னிடம் எல்லோரும் எத்தனை கிலோ, எத்தனை மணி, எத்தனை நாள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எத்தனை வருஷம் நீ இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டு எழுதியதில்லை. இந்தக் கடுதாசியில் எழுதியிருந்தது, முத்திரையும் குத்தியிருந்தது. நான் பேனையை எடுத்தேன். பெயரை முழுசாக, ஒரு எழுத்தும் விடாமல், மெல்ல மெல்ல எழுதினேன்.